துண்டறிக்கையில் ஒரு சுவாமிநாதன்

ஒரே வாக்கியத்தில் மூன்று செய்திகளை அடைத்திருந்தார்கள். வேளாண் விஞ்ஞானி எம். எஸ். சுவாமிநாதன் கேரளத்தில் பிறந்தவர்; அமெரிக்காவில் படித்துப் பட்டம் வாங்கியவர்; அங்கிருந்து கொண்டுவந்த விதையையும் சீமை உரத்தையும் கொட்டித் தஞ்சை மண்ணை நஞ்சாக்கியவர். திருவிடைமருதூர்ப் பக்கத்தில் மரபு நெல் விதைத் திருவிழா நடத்தும் இளைஞர்கள் அச்சடிக்கக் கொடுத்த துண்டறிக்கை அது. கும்பகோணத்தில் என் நண்பர் நடத்தும் அச்சகத்துக்கு வருகிற மலர்கள், துண்டறிக்கைகள், நினைவஞ்சலிகள் எல்லாவற்றுக்கும் மெய்ப்புப் பார்ப்பது பணி ஓய்வுக்குப் பிறகு எனக்கு வாய்த்த மாலை வேலை. ஒற்று மிகுமா, மிகாதா என்று பார்ப்பதோடு நான் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது நண்பரின் விருப்பம். வாழ்நாளெல்லாம் வரலாறு நடத்தியவனுக்கு அது ஆகிற காரியமா? அந்த வாக்கியத்தின் கீழே பென்சிலால் கோடு இழுத்துவிட்டேன். கோடு இழுத்த பிறகுதான் தொல்லை தொடங்கியது.

துண்டறிக்கையின் மறுபாதியில், இயற்கை வேளாண்மையைப் பரப்பிய நம்மாழ்வார் இருந்தார். ஏடெடுத்துப் படிக்காத ஏழை உழவர், மண்ணைத் தொட்டே எல்லாம் அறிந்தவர், அந்நிய விஞ்ஞானத்தை நாட்டு அறிவால் வென்றவர் என்று அவருக்கு ஒரு பத்தி. இடப்பக்கம் அவர் பச்சைத் துண்டோடு சிரிக்கிறார். வலப்பக்கம் கோட்டு அணிந்த சுவாமிநாதன் இறுக்கமாக நிற்கிறார். கூத்து மேடையில் இரணியனும் பிரகலாதனும் வேடம் கட்டி நிற்பதைப்போல, பார்த்தவுடன் யார் பக்கம் கைதட்ட வேண்டும் என்று தெரிந்துவிடும். எனக்கு நம்மாழ்வாரிடம் மதிப்பு உண்டு. அவர் பேச்சை நேரில் கேட்டு, வயலில் பசுந்தாள் உரமாகத் தக்கைப்பூண்டு விதைத்தவர்களில் நானும் ஒருவன். ஆனாலும் அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் ஏதோ ஒரு கணக்கு இடித்தது.

மங்கொம்பு என்ற முன்னெழுத்து

முதல் செய்தியை வெட்டுவது எளிது. சுவாமிநாதன் பிறந்தது 1925 ஆகஸ்ட் 7-ல், இதே கும்பகோணத்தில். தந்தை சாம்பசிவன் இங்கே அறுவைச் சிகிச்சை மருத்துவர். யானைக்கால் நோய்க்குப் பேர்போன ஊராக இது இருந்த காலத்தில், கொசுவை ஒழிக்க ஊர் மக்களைத் திரட்டியவர், காந்தியைப் பின்பற்றியவர். மகனுக்குப் பதினொரு வயதாக இருந்தபோது அவர் காலமாகிவிட்டார். பையன் நேட்டிவ் உயர்நிலைப் பள்ளியிலும் பிறகு லிட்டில் பிளவர் பள்ளியிலும் படித்தான். கேரளம் வருவது முன்னெழுத்தில்தான். ‘எம்’ என்றால் மங்கொம்பு. ஆலப்புழைப் பக்கம் குட்டநாட்டில் இருக்கும் பூர்விக ஊர். அதுவும் ஆறுகள் கடலில் கலக்கும் நெல் நாடுதான். கடல் மட்டத்துக்குக் கீழே வயல் வைத்திருப்பவர்களின் நாடு.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கணிதமேதை ராமானுஜன் பிறந்தது ஈரோட்டில், 1887 டிசம்பர் 22-ல். தலைச்சன் பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். அவருடைய தாயின் பிறந்தகம் ஈரோடு. ஆனால் கும்பகோணத்துக்காரன் எவனும் ராமானுஜனை ஈரோட்டுக்கு விட்டுக்கொடுக்க மாட்டான். சாரங்கபாணி சன்னதித் தெருவில் அவர் வீடு இருக்கிறது, டவுன் பள்ளியில் அவர் பெயர் இருக்கிறது, பிறகென்ன? ஈரோட்டில் பிறந்தவர் எங்கள் ஊர்க்காரர். எங்கள் ஊரிலேயே பிறந்தவர் கேரளத்துக்காரர். புகழ் என்றால் உரிமை கொண்டாடுகிறோம், பழி என்றால் பிறந்த ஊரையே மாற்றிவிடுகிறோம். துண்டறிக்கை எழுதிய தம்பியிடம் இதைச் சொன்னேன். வேளாண்மையில் பட்டயம் படித்துவிட்டு அப்பாவின் நிலத்துக்கே திரும்பி வந்த பிள்ளை அவர், கெட்டிக்காரர், கோபக்காரர். “சரி ஐயா, கும்பகோணம் என்றே போடுங்கள். ஆனால் அதனால் என்ன மாறிவிடப் போகிறது?” என்றார்.

மாறத்தான் செய்கிறது. வெளியூர்க்காரன் வந்து கெடுத்தான் என்றால் கோபம் சுலபமாகக் கிளம்பும். உள்ளூர் மருத்துவர் வீட்டுப் பிள்ளை, நம் பிள்ளைகள் படித்த பள்ளியிலேயே படித்தவன், வங்கப் பஞ்சத்தைப் பார்த்து மனம் மாறி விலங்கியலை விட்டு வேளாண்மைக்கு வந்தவன் என்று எழுதினால் அதே கோபத்தைக் கிளப்பக் கொஞ்சம் கூடுதலாக யோசிக்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது செய்தி பாதி உண்மை. திருவனந்தபுரத்தில் விலங்கியல், கோயம்புத்தூரில் வேளாண்மை, டெல்லியில் மரபணுவியல். இடையில் இந்தியக் காவல் பணிக்குத் தேர்வாகியும் போகாமல், உதவித்தொகையோடு நெதர்லாந்து. முனைவர் பட்டம் 1952-ல் கேம்பிரிட்ஜில். அமெரிக்காவின் விஸ்கான்சினுக்குப் போனது பட்டம் பெற்ற பிறகு, ஆய்வுக்காக. அங்கே வேலை கொடுத்தும் தங்காமல் 1954-ல் திரும்பிவிட்டார். ஆக, படித்தது அமெரிக்காவில் அல்ல. ஆனால் அவர் முன்னின்று நடத்திய பசுமைப் புரட்சியில் அமெரிக்காவுக்குப் பங்கே இல்லை என்று இதை நீட்டிவிடவும் கூடாது. மெக்சிகோவில் கோதுமை வளர்த்த நார்மன் போர்லாக் அமெரிக்கர்; ராக்பெல்லர் அறக்கட்டளையின் பணம் அதில் இருந்தது. 1966-ல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதை கப்பலில் வந்தது. அமெரிக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டியது இதுதான். இதை விட்டுவிட்டு, ஒரு மனிதருடைய கல்விச் சான்றிதழில் அமெரிக்காவைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

மெய்ப்புப் பார்ப்பவர்களுக்கு மட்டும் சுவைக்கக்கூடிய ஒரு சிறு துணுக்கு. டெல்லி வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அவர் இயக்குநரான ஆண்டு சில குறிப்புகளில் 1961 என்றும் சிலவற்றில் 1966 என்றும் இருக்கிறது. இரண்டும் அச்சில் வந்தவை. இப்படிப்பட்ட இடத்தில் நான் செய்வது ஒன்றுதான்: அவருக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர் எப்போது எழுந்தார் என்று பார்ப்பேன். முன்னவர் பி. பி. பால். அவர் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் குழுமத்தின் முதல் தலைமை இயக்குநராகப் போனது 1965-ல். ஆகவே 1966 நிற்கும், 1961 நிற்காது. இந்த ஐந்து ஆண்டு வித்தியாசம் வெறும் எழுத்துப் பிழை அல்ல என்பது அடுத்த செய்தியைச் சரிபார்க்கும்போது தெரிந்தது.

நஞ்சு யார் கையால் விழுந்தது

தஞ்சை மண்ணுக்குச் சீமை உரம் மூட்டை மூட்டையாக வந்தது எப்போது? எங்கள் வீட்டில் அதற்குச் சான்று வேண்டியதில்லை. ‘பேக்கேஜ் திட்டம்’ என்று அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். தீவிர வேளாண் மாவட்டத் திட்டம் என்பது அதன் அரசாங்கப் பெயர். அமெரிக்காவின் ஃபோர்டு அறக்கட்டளையின் உதவியோடு நாடு முழுவதும் முதலில் ஏழு மாவட்டங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். மேற்குக் கோதாவரி, லூதியானா ஆகியவற்றோடு ஒன்றுபட்ட தஞ்சாவூரும் அந்த ஏழில் ஒன்று. ஆண்டு 1960. விதை, உரம், பூச்சிமருந்து, கடன், ஆலோசனை எல்லாம் ஒரே கட்டாக வரும் என்பதால் அந்தப் பெயர். சுவாமிநாதன் இயக்குநரானது 1961 என்று வைத்துக்கொண்டால் அவர் வந்ததும் இது வந்தது என்று ஒருவாறு கதை கட்டிவிடலாம். 1966 என்றால் கதை ஆட்டம் காண்கிறது. அவர் அந்த நாற்காலியில் அமர்வதற்கு முன்பே எங்கள் ஊர்ச் சொசைட்டியில் யூரியா இறங்கிவிட்டது.

விதையும் அப்படித்தான். டெல்டாவின் குறுவையைப் புரட்டிப்போட்டது ஆடுதுறை 27. 1960-களின் நடுவில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் கொடுத்த ரகம். நூற்றைந்து நாள் வயது. அதன் பெற்றோரில் ஒன்று ஜப்பானிய வகையான நோரின் 10, மற்றொன்று ஜி.இ.பி. 24. கோயம்புத்தூர் நெல் ஆராய்ச்சி நிலையம் 1921-ல் வெளியிட்ட அந்த ஜி.இ.பி. 24-ஐத்தான் ஊரில் கிச்சிலிச் சம்பா என்கிறார்கள். ஆம், மரபு நெல் திருவிழாக்களில் ‘முன்னோர் தந்த விதை’ என்று கொட்டிவைத்து விற்கிறார்களே, அதே கிச்சிலிச் சம்பா. அதுவும் ஓர் அரசாங்க ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்ததுதான் என்று தம்பியிடம் சொன்னபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

இங்கே நிறுத்தியிருந்தால் சுவாமிநாதனுக்கும் தஞ்சாவூருக்கும் சம்பந்தமே இல்லை என்று முடித்திருக்கலாம். அது நேர்மையாக இருக்காது. ஆடுதுறை 27 எங்கிருந்து முளைத்தது? நம் நாட்டு இண்டிகா நெல்லையும் ஜப்பானிய நெல்லையும் கலந்து, உரத்துக்கு நன்றாக விளையும் ரகம் எடுக்க 1950-களில் ஒரு பெருந்திட்டம் ஓடியது. அதன் தலைமையிடம் கட்டாக்கில் இருந்த மத்திய நெல் ஆராய்ச்சி நிறுவனம். அந்தத் திட்டத்தில் தேறிய மிகச் சில ரகங்களில் ஒன்று ஆடுதுறை 27. விஸ்கான்சினிலிருந்து திரும்பிய சுவாமிநாதனுக்கு 1954-ல் முதலில் கிடைத்த வேலை கட்டாக்கில், அதே கலப்புத் திட்டத்தில். கொஞ்ச காலந்தான் அங்கே இருந்தார். ஆனாலும் அவரையும் எங்கள் வயலையும் இணைக்கும் நூல் ஒன்று இருக்கிறது. துண்டறிக்கை சொன்ன வடம் அல்ல, மெல்லிய நூல். ஒருவர்மீது சொல்லப்படும் பழியைச் சரிபார்க்க உட்கார்ந்தவன், அதைத் தகர்க்கும் சான்றை மட்டும் எடுத்து வைத்துவிட்டு, அதற்கு வலுச் சேர்க்கும் சான்றை மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிடக் கூடாது. தம்பியிடம் இதையும் சொன்னேன். அவர் உடனே, “அப்படிச் சொல்லுங்கள்!” என்றார்.

இன்னொன்றும் எனக்கு உறுத்தியது. மண்ணில் நஞ்சு விழுந்தது உண்மை என்றால், அதை வீசிய கை யாருடையது? என் அப்பாவுடையது. முதல் போகம் ஆடுதுறை 27 களத்துக்கு வந்தபோது அவர் அடைந்த மகிழ்ச்சியை அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த நெல்லை விற்றுத்தான் அத்தையின் கல்யாணக் கடன் அடைந்தது. மாட்டெரு போதாது, இன்னும் ஒரு மூட்டை போடு என்று அலுவலர் சொன்னதற்கு அவர் இரண்டு மூட்டை போட்டார். டெல்டாவில் நிலம் வைத்திருந்த எல்லா வீடுகளிலும் இதே கதைதான். விளைச்சல் கூடியபோது அறுவடைக் கூலி நெல்லையும் கூட்டிக் கொடு என்று ஆட்கள் கேட்டார்கள். கேட்டவர்களுக்கு என்ன நடந்தது என்பதற்குக் கீழ்வெண்மணி சாட்சி. 1968 டிசம்பர் 25 இரவு, குடிசைக்குள் எரிக்கப்பட்ட நாற்பத்து நான்கு உயிர்கள். பசுமைப் புரட்சி தஞ்சாவூருக்கு என்ன செய்தது என்று எழுதுகிற துண்டறிக்கையில் அதற்கு ஒரு வரிகூட இல்லை. கோட்டு போட்டவரின் படம் ஒன்று கிடைத்துவிட்டால், மிராசுதார் வீட்டுக் களத்துக் கணக்கை யாரும் கேட்கப்போவதில்லை. ‘நஞ்சு விதைத்தவர்’ என்ற பட்டம் அவரைத் தாக்குவதைவிட எங்களைக் காப்பாற்றுகிறது என்றே எனக்குப் படுகிறது.

வாரணாசிப் பேச்சு

தம்பிக்கு இதெல்லாம் வழவழாக் கொழகொழா என்று தோன்றியது. “நீங்கள் ஆண்டை மாற்றுகிறீர்கள், ஊரை மாற்றுகிறீர்கள். ஆனால் அவர் செய்த வேலை இதுதானே? பின்விளைவைப் பற்றி அந்த ஆள் ஒரு நிமிடமாவது யோசித்தாரா?” என்று கேட்டார். நான் காத்திருந்த கேள்வி அதுதான். 1968 ஜனவரியில் வாரணாசியில் கூடிய இந்திய அறிவியல் மாநாட்டில் சுவாமிநாதன் பேசிய பேச்சின் ஒரு பகுதியைப் படியெடுத்து வைத்திருந்தேன். அதை எடுத்து, தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். உடனடி லாபத்தை மட்டும் குறியாகக் கொண்டு நிலத்தைச் சுரண்டிப் பயிர் செய்தால் பேராபத்து நேரும் என்கிறார். மண்ணின் வளத்தையும் கட்டமைப்பையும் காக்காமல் தீவிரச் சாகுபடி செய்தால் அது பாலைவனத்தில் போய் முடியும். வடிகால் ஏற்பாடு இல்லாமல் பாசனத்தைப் பெருக்கினால் நிலம் உவர்ந்துவிடும். பூச்சிக்கொல்லியை வகைதொகை இல்லாமல் தெளித்தால் தானியத்தில் நச்சு தங்கும். நிலத்தடி நீரைக் கணக்கில்லாமல் இறைத்தால் அது வற்றும். அந்தந்த மண்ணுக்கு ஏற்ற பல உள்ளூர் ரகங்களை ஒழித்துவிட்டு ஓரிரு ரகங்களையே எங்கும் போட்டால் பெரும் நோய் வந்து எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போகும்.

கடைசி வரியைப் படித்ததும் நிமிர்ந்து பார்த்தேன். அது அந்தத் துண்டறிக்கையின் இரண்டாம் பக்கத்தில் வேறு சொற்களில் இருந்தது. மாப்பிள்ளைச் சம்பாவையும் கருப்புக் கவுனியையும் ஏன் காக்க வேண்டும் என்பதற்கு அவர்கள் எழுதிய காரணமே அதுதான். ‘பசுமைப் புரட்சி’ என்ற பெயரை அமெரிக்க அதிகாரி வில்லியம் காட் சொன்னது 1968 மார்ச்சில். பெயர் சூட்டு விழாவுக்கு இரண்டு மாதம் முன்பே, தந்தை என்று பிற்பாடு அழைக்கப்பட்டவர் பிள்ளையைப் பற்றி இப்படி எச்சரித்திருக்கிறார். வாதம் முடிந்தது என்று நினைத்து, கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினேன்.

தம்பி கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “அப்படியானால் இது இன்னும் மோசம் அல்லவா ஐயா? தெரியாமல் செய்துவிட்டார் என்றுதான் இத்தனை நாள் நினைத்தோம். தெரிந்தேதான் செய்திருக்கிறார்.”

அந்த வார்த்தைக்கு என்னிடம் பதில் தயாராக இல்லை. இன்றுவரை அதை அசைபோட்டுக்கொண்டிருக்கிறேன். விவரத்தைச் சரிபார்த்துக் கொடுத்தால் எதிராளி வாயடைத்துப் போவார், பட்டம் தானாக உதிர்ந்துவிடும் என்று என்னைப் போன்றவர்களுக்கு ஒரு நம்பிக்கை. இங்கே நடந்தது நேர்மாறு. சரியான விவரம் கிடைத்ததும் அவருடைய குற்றச்சாட்டு கூர்மையாகிவிட்டது. துண்டறிக்கையில் முதலில் இருந்தது வசை. எந்த ஆண்டு, எந்த ஊர் என்று எதைத் தொட்டாலும் உதிரும். இப்போது அவர் கேட்டது கேள்வி. அதற்கு ஆண்டு உண்டு, சாட்சி உண்டு, பதில் சொல்ல வேண்டிய ஆளும் உண்டு.

அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு நானும் கொஞ்ச தூரம் போய்ப் பார்த்தேன். எச்சரித்தவர் வெறும் பேச்சாளர் அல்லர். 1972 முதல் 1979 வரை இந்திய வேளாண் ஆராய்ச்சிக் குழுமத்தின் தலைமை இயக்குநர். நாட்டின் ஆராய்ச்சி நிலையங்கள் எதை ஆராய வேண்டும் என்று சொல்லும் இடம் அது. 1968-ல் சொன்னதை அந்த ஏழு ஆண்டுகளில் எவ்வளவு செய்தார் என்று கேட்பதில் தவறே இல்லை. மறுபக்கம், 1965-லும் 1966-லும் மழை பொய்த்து, அமெரிக்காவிலிருந்து பி.எல். 480 என்ற உணவு உதவித் திட்டத்தின் கோதுமை வந்தால்தான் அடுப்பெரியும் என்று நாடு கிடந்ததையும் மறந்துவிட முடியாது. உணவு அமைச்சர் நம் சி. சுப்பிரமணியம். தமிழ்நாட்டில் 1967 தேர்தலே அரிசியில்தான் நடந்தது. ரூபாய்க்கு மூன்று படி என்ற வாக்குறுதியைக் கேட்டு வளர்ந்த தலைமுறை என்னுடையது. அந்த நேரத்தில், விளைச்சல் பெருகட்டும், ஆனால் பார்த்து என்று சொன்ன குரலில் முன்பாதி மட்டும் கிராமம்வரை வந்து சேர்ந்தது. பின்பாதி வாரணாசி மண்டபத்தோடு நின்றுவிட்டது. நின்றதற்கு அவர் எவ்வளவு பொறுப்பு, அரசாங்கம் எவ்வளவு, உர வியாபாரம் எவ்வளவு, இரண்டு மூட்டை போட்ட என் அப்பா எவ்வளவு என்று பங்கு பிரிக்க ஒரு நல்ல ஆய்வாளர் வேண்டும். சுவாமிநாதன் 1988-ல் சென்னையில் தொடங்கிய அறக்கட்டளை சதுப்புநிலக் காடுகளையும் பழங்குடியினரின் விதைகளையும் காக்க உழைத்ததை எந்தக் கணக்கில் எழுதுவது என்பதும் அந்த ஆய்வாளரின் தலைவலி. பிராயச்சித்தம் என்பார் தம்பி. தொடர்ச்சி என்பேன் நான். ஒன்று மட்டும் சொல்லலாம்: இந்தக் கேள்விகள் எல்லாம் சரியான ஆண்டுகளை எழுதிய பிறகுதான் கண்ணில் பட்டன.

எந்தக் கட்சி?

துண்டறிக்கையின் முதல் படியில் சுவாமிநாதனைக் காங்கிரசின் ஆள் என்றும் ஓர் இடத்தில் எழுதியிருந்தார்கள். இந்திரா காந்தி ஆட்சியில் பெரிய பதவிகளில் இருந்தது உண்மை. 2007-ல் மாநிலங்களவைக்கு நியமன உறுப்பினராகப் போனபோது ஆண்டதும் காங்கிரஸ் கூட்டணிதான். ஆனால் அவருடைய பெயரைத் தெருத்தெருவாகக் கொண்டு சென்றவர்கள் செங்கொடி விவசாய சங்கத்தார். 2004 முதல் 2006 வரை அவர் தலைமையில் இருந்த தேசிய விவசாயிகள் ஆணையம், ஆதரவு விலை உற்பத்திச் செலவைவிடக் குறைந்தது ஐம்பது சதவீதம் கூடுதலாக இருக்க வேண்டும் என்று சொன்னது. இன்று திருவாரூரிலும் மன்னார்குடியிலும் எந்த ஆர்ப்பாட்டத்துக்குப் போனாலும் சுவாமிநாதன் பரிந்துரையை அமல்படுத்து என்ற முழக்கம் கேட்கும். பாரத ரத்னா கொடுத்தது பாரதிய ஜனதா அரசாங்கம். அறிவிப்பு 2024 பிப்ரவரி 9. அதே பரிந்துரையைக் கேட்டு வடநாட்டு விவசாயிகள் டெல்லியை நோக்கிக் கிளம்பியது பிப்ரவரி 13. அவர்களை எல்லையில் தடுத்து நிறுத்தியது அதே கட்சியின் தலைமையில் இருந்த ஹரியானா அரசாங்கம். இத்தனைக்கும் பிறகு அந்த மனிதரின் கட்சி எது என்று ஒரே சொல்லில் எழுதச் சொன்னால் நான் பென்சிலைக் கீழே வைத்துவிடுவேன்.

நேட்டிவ் பள்ளியில் அவருக்கு முன்பே படித்த வலங்கைமான்காரர் ஒருவருக்கும் இதே கதி நேர்ந்திருக்கிறது. வி. எஸ். ஸ்ரீனிவாச சாஸ்திரி, 1869-ல் பிறந்தவர். மிதவாதி என்பார்கள் மரியாதைக்கு. வெள்ளைக்காரனுக்கு வேண்டியவர் என்பார்கள் மரியாதை இல்லாமல். விசாரணை இல்லாமலே சிறையில் அடைக்க வழிசெய்த ரௌலட் மசோதாவை எதிர்த்து 1919-ல் மத்திய சட்டமன்றத்தில் எழுந்த மிக வலுவான குரல்களில் ஒன்று அவருடையது. அதே மசோதாவை எதிர்த்துக் காந்தி அறிவித்த சத்தியாகிரகத்தை ஆதரிக்க மறுத்தவரும் அவரே. சர் பட்டம் தேடி வந்தபோது வேண்டாம் என்றவர். பிரிட்டிஷ் மன்னரின் ஆலோசனைச் சபையான பிரிவி கவுன்சிலில் உறுப்பினர் பதவியை ஏற்றுக்கொண்டவர். மேடைப் பேச்சுக்காக யாராவது அவரைப் பற்றிக் கேட்டால், இந்த நான்கையும் வரிசையாகச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வேன். கேட்டவர்கள் பெரும்பாலும் சலித்துக்கொள்வார்கள். “சரி, அவர் நல்லவரா, கெட்டவரா என்று சொல்லுங்கள்” என்பார்கள்.

நம்மாழ்வார் பத்தியில் நான் கை வைத்தபோதுதான் உண்மையான சண்டை வந்தது. திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் இளங்காட்டில் 1938 ஏப்ரல் 6-ல் பிறந்தவர் அவர். ஏடெடுத்துப் படிக்காதவர் அல்லர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மைப் பட்டம் பெற்று, 1960-களில் கோவில்பட்டி ஆராய்ச்சிப் பண்ணையில் அரசாங்க வேலை பார்த்தவர். மானாவாரி விவசாயிக்கு அந்த ஆராய்ச்சி உதவவில்லை என்று கண்டு வெளியேறியவர். உள்ளே இருந்து பார்த்துவிட்டு வெளியே வந்ததுதான் அவருடைய பலம். பட்டத்தை மறைத்தால் அந்தத் துணிச்சலும் சேர்ந்து மறைந்துபோகிறது. “எங்கள் ஆட்களுக்கு அவர் படிக்காத மேதையாக இருந்தால்தான் பிடிக்கும் ஐயா” என்றார் தம்பி. அவரும் வேளாண்மை படித்தவர்தான் என்பதை நினைவூட்டினேன். பதில் இல்லை. 2013 டிசம்பர் 30 அன்று, டெல்டாவில் மீத்தேன் வாயு எடுக்கும் திட்டத்தை எதிர்த்துப் பரப்புரைக்கு வந்த இடத்தில், பட்டுக்கோட்டைப் பக்கம் அத்திவெட்டியில் அவர் இறந்தார். அன்று முதல் காந்தியர்களும் தமிழ்த் தேசியர்களும் இடதுசாரிகளும் அவரைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். சுவாமிநாதன் பிறந்தது 1925, கும்பகோணம்; இவர் பிறந்தது 1938, இளங்காடு. இரண்டுமே அன்றைய தஞ்சாவூர் மாவட்டம். இருவரும் வேளாண் பட்டதாரிகள், இருவரும் அரசாங்க ஆராய்ச்சிக் கூடத்துக்குள் நுழைந்தவர்கள். ஒருவர் கடைசிவரை உள்ளே இருந்து திருத்தப் பார்த்தார். மற்றவர் கதவைச் சாத்திவிட்டு வந்து வரப்பில் உட்கார்ந்தார். என்னைக் கேட்டால் துண்டறிக்கையில் போட வேண்டிய கதை இதுதான்.

கடைசியில் அச்சானது நான் கேட்டதும் அல்ல, அவர்கள் கொண்டுவந்ததும் அல்ல. கேரளம் போயிற்று, அமெரிக்கப் பட்டம் போயிற்று, காங்கிரஸ் போயிற்று. சுவாமிநாதன் படத்தின் கீழே, 1968-ல் இவரே எச்சரித்தார், பிறகும் ஏன் நடந்தது என்று ஒரு கேள்வி கொட்டை எழுத்தில் வந்தது. வாரணாசிப் பேச்சிலிருந்து உள்ளூர் ரகங்களைப் பற்றிய பகுதியையும் சேர்த்துக்கொண்டார்கள். கட்டாக் விவரத்துக்கு இடம் இல்லை. நம்மாழ்வாரின் பட்டம் அடைப்புக்குறிக்குள் சின்ன எழுத்தில் இடம் பிடித்தது. கிச்சிலிச் சம்பா கடையில் ‘முன்னோர் தந்த விதை’ என்ற அட்டை அப்படியே இருந்தது. 1921-ல் இருந்தவர்களும் முன்னோர்தானே ஐயா என்று தம்பி கேட்டார், அதை மறுக்கவும் எனக்கு வழியில்லை. திருவிழாவில் அந்தத் துண்டறிக்கையைப் படித்த பெரியவர் ஒருவர், இதை எழுதியவன் உரக் கம்பெனி ஆளா, இயற்கை ஆளா என்று விசாரித்தாராம்.

அடுத்த வாரம் வேறொரு விவசாய சங்கத்திலிருந்து ஆர்ப்பாட்டப் பதாகைக்கு வாசகம் வந்தது. அதிலும் சுவாமிநாதன்தான், இந்தத் தடவை ஏழை விவசாயியின் மகன், டெல்டாவின் தவப்புதல்வன். ‘ஏழை விவசாயி’ என்பதை அடித்து ‘மருத்துவர்’ என்று எழுதினேன். சங்கச் செயலாளர் தொலைபேசியில் கூப்பிட்டார். டாக்டர் மகன் என்று போட்டால் நம் ஆட்கள் எப்படி ஒட்டுவார்கள் என்று வருத்தப்பட்டார். தேசிய விவசாயிகள் ஆணையத்தின் தலைவர், 2004 முதல் 2006 வரை என்று போடலாமே என்றேன். அது நீளம், எழுத்து சிறுத்துவிடும் என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, “பெயரையும் படத்தையும் எடுத்துவிடுங்கள் ஐயா, ஐம்பது சதவீதத்தை மட்டும் பெரிதாகப் போடுங்கள்” என்றார். எந்தச் செலவுக்கு மேல் ஐம்பது சதவீதம், குத்தகையும் சொந்த நிலத்து வாடகையும் சேர்த்தா சேர்க்காமலா என்று கேட்டேன். அதைப் பேச்சாளர் பார்த்துக்கொள்வார் என்று சொல்லிவிட்டு, துணிக்கு என்ன விலை என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்.